எங்கள் போஸ்டரும் தலத்தெருவின் ஆறு வீடுகளும்

காரைக்காலுக்கு முதல் தடவை போனது வேடிக்கை பார்க்க. போன சனிக்கிழமை போனது மன்னிப்புக் கேட்க. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்களைப் போல ஊர் சுற்றிப் படம் எடுப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

எங்களுக்குப் பிடித்த நடிகருக்காக வாட்ஸப்பில் ஒரு ரசிகர் குழு வைத்திருக்கிறோம். நான்தான் அட்மின். கடைத்தெருவில் கண்ணில் படுகிறவர்களைப் படம் எடுத்து, எங்கள் நடிகரின் இல்லாத படங்களுக்குப் போஸ்டர் செய்வது எங்கள் விளையாட்டு. கும்பகோணத்து டீ மாஸ்டர் ஓய்வுபெற்ற உளவாளி ஆனார். பூக்காரம்மா முதலமைச்சர் ஆனார். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நான் எடுத்த ஆட்டோக்காரருக்குப் புருவத்தில் ஒரு தழும்பு. விடுவேனா? ‘தேடப்படுகிறார்: பிள்ளை பிடிக்கும் கும்பலின் தலைவன்’ என்று போலீஸ் நோட்டீஸ் மாதிரியே செய்தேன். அடியில் படத்தின் பெயரும் எங்கள் நடிகரின் முகமும் இருந்தன. குழுவில் ஒரே பாராட்டு.

யாரோ அந்த அடிப்பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது காரைக்காலில் பெற்றோர் குழுக்களுக்குள் போய்விட்டது. அந்த மனிதரோ தலத்தெருவில் ஆறு வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறவர். ஆறு வீட்டிலும் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் குழுவின் காரைக்கால் உறுப்பினர் இதைச் சொன்னபோது நான் என்ன செய்தேன்? குழுவிலிருந்து போஸ்டரை அழித்துவிட்டுப் பத்து நாள் கமுக்கமாக இருந்தேன். வெட்கக்கேடு.

கும்பகோணத்தில் காலை 6.10க்குப் பஸ். 8.25க்குக் காரைக்கால். டிக்கெட் 48 ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. இறங்கியதும் ஆட்டோ ஸ்டாண்டில் அந்த ஆட்டோக்காரர் குமரவேல் அண்ணனைக் கண்டுபிடித்து, நான் யார் என்று சொன்னேன்.

“நீதானா தம்பி அது?” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“மன்னிச்சிடுங்கண்ணே.”

“என்கிட்ட எதுக்கு? நான் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும். வண்டில ஏறு. அந்த ஆறு வூட்டுலயும் வந்து சொல்லு.”

தலத்தெரு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழுப் போஸ்டரைச் செல்போனில் காட்டி, செய்தது நான்தான் என்று சொன்னேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “படிச்ச புள்ளயா இருக்கீங்க, வேற வேலையே கிடைக்கலையா?” என்றார். நான்கு வீடுகளில் அண்ணனைத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். ஐந்தாவது வீட்டில் ஏற்கெனவே வேன் ஏற்பாடு செய்துவிட்டார்களாம்.

காரைக்கால் போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. கடைத்தெருவில் யாரையாவது படம் எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் அந்தப் படம் வேண்டாம்.

இத்தோடு முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆறாவது வீட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அந்த அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “பொய்யின்னு புரியுதுங்க. அவரு நல்ல மனுஷர், எங்களுக்கும் தெரியும். ஆனா பாப்பாகிட்ட யாரோ அந்தப் படத்தக் காட்டிட்டாங்க. இப்ப அவரு வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய் பூந்துக்குது. இப்பவும் அங்கதான் இருக்கு” என்றார்.

அந்தப் பாப்பாவுக்கு நாலு வயது. அதனிடம் எந்தப் போஸ்டரைக் காட்டி விளக்குவது?

வெளியே வந்து குமரவேல் அண்ணனிடம் சொன்னேன். அவர் எஞ்சினைப் போடாமல் தெருமுனை வரைக்கும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே போனார்.