பத்தாவது மணி

இங்கிலாந்தின் எப்சமில் மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை. ஜப்பானில் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவர் வீட்டுப் பெண்ணுக்கு அருளப்பட்டதென நம்பப்படும் வேதத்தை, இந்த வீட்டு முன்னறையில் பதினைந்து பேர் வாரந்தோறும் ஓதுகிறார்கள். என்னை அழைத்து வந்திருக்கும் மலர் யாழ்ப்பாணத்துக்காரி; மருத்துவமனைத் தாதி. அந்த வேதத்தின் ஒரு பக்கத்தை அவள் தமிழாக்கியிருக்கிறாள். அதைப் பீடத்தில் மூலநூலின் அருகே வைக்க, சபையின் தலைவி ஹருகோ இசைய வேண்டும்.

ஹருகோவுக்குத் தமிழ் தெரியாது. "வாசி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் வழக்கப்படி ஜெபமாலையில் அந்தப் பக்கத்துக்கான பத்து மணிகளை ஒதுக்கி, வரிக்கொரு மணியாக நகர்த்துகிறார். மலர் வாசித்து முடிக்கிறாள். ஒரு மணி நகராமல் நிற்கிறது.

"பத்து வரி. நீ வாசித்தது ஒன்பது."

மலர் கூச்சத்தோடு என் பக்கம் திரும்புகிறாள். "ஓம் அக்கா, ஒண்டை விட்டிட்டன். கடவுள் எங்களை ஏசுற வரி. அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டப் போறன். இப்பிடி ஏசுற சாமி உனக்கு ஏனடி எண்டு கேப்பா."

அதையே ஹருகோவிடம் ஆங்கிலத்தில் சொல்கிறாள். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"என் கணவர் சூதாட்டத்தை விட்டதே அந்த வரியைக் கேட்ட பிறகுதான். உன் அம்மாவுக்கு அதை முதலில் வாசி."

மணியை அவர் விரல் இன்னும் விடவில்லை.

"அக்கா, பேனை ஒண்டு தாங்கோ."

கொடுக்கிறேன். மலர் தாளை மடியில் வைத்து எழுதத் தொடங்குகிறாள். ஹருகோ எழுந்து சென்று, பீடத்திலுள்ள மூலநூலைச் சற்றே இடப்புறம் தள்ளி வைக்கிறார்.