ஆறு நாளை ஒளித்து வைத்த கதை

ஏழாம் மாதம் பிறக்கிற பிள்ளை தங்கும், எட்டாம் மாதம் பிறக்கிறது தங்காது என்பார்கள் எங்கள் பக்கத்தில். என் மகளுக்கு வளைகாப்பு முடித்து ராஜபாளையத்துக்கு அழைத்து வந்து இருபது நாள்கூட ஆகவில்லை, வலி கண்டுவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது, எல்லாம் விரல்கணக்குத்தான். மகளுடைய மாதக்கணக்கும் என் விரலில்தான் இருந்தது. மடக்கி மடக்கிப் பார்த்தேன். எட்டாம் மாதம் பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"எத்தனை மாசம்க்கா?" என்று கேட்டாள் மருத்துவச்சி.

"ஏழு. இன்னும் முடியக்கூட இல்ல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிள்ளை என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாள். தோல் உரித்த நுங்கு மாதிரி இருந்தாள். எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணித் தறி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் துணியிலேயே பஞ்சை வைத்துச் சுற்றி, மாரோடு அணைத்துக்கொண்டே இருந்தோம். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, காயத்துக்குக் கட்டுற துணியில பிள்ளையவே கட்டிட்டியே!" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மூன்று மாதம் எங்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

பேத்தி தங்கிவிட்டாள். ஊரெல்லாம், "ஏழு மாசத்துப் பிள்ளைல்லா, கெட்டி" என்றார்கள். உண்மைக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குச் சளி பிடித்தால் பயம், அசந்து தூங்கினால் பயம். மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன்.

அவளுக்கு ஏழு வயதானபோதுதான் அந்தப் பயம் வேறு உருவத்தில் வந்தது. புளி, கடுகு, சீயக்காய் என்று மூன்று சாமான் சொல்லிக் கடைக்கு அனுப்புவேன். ஒரு தீப்பெட்டியோடு சிரித்துக்கொண்டே வருவாள். எதையாவது மறந்தோம் என்ற நினைப்பே முகத்தில் இருக்காது. பள்ளிக்கூடத்து டீச்சர் என் மகளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நேத்துச் சொல்லிக் கொடுத்தது இன்னைக்கு அவகிட்ட இல்லம்மா. அடம்பிடிக்கிற பிள்ளையும் இல்ல. எதுக்கும் டாக்டர்ட்ட காட்டுங்க."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எமன் முழுப் பிள்ளையாக எடுத்துப்போக விடாமல் நான்தான் பொய் சொல்லித் தடுத்துவிட்டேன். அதனால் அவன் அவள் ஞாபகத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துப்போகிறானோ? இன்றைக்குக் கடுகை மறந்தாள். நாளைக்கு வீட்டை மறப்பாளா, என்னை மறப்பாளா? யாரிடம் சொல்ல முடியும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்த பேத்தி, "பால்கோவா வாங்கித் தருவியா அம்மாச்சி?" என்று நாலு தடவை கேட்டாள். அது மட்டும் மறக்கவில்லை.

டாக்டரம்மா அவளைச் செத்த நேரம் பேசவிட்டார், படம் காட்டினார், எண் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எத்தனாவது மாசத்துல பிறந்தா?" என்று கேட்டார்.

"ஏழு" என்றாள் என் மகள்.

டாக்டரம்மா எழுதினார். தப்பான கணக்குக்குத் தப்பான மருந்து கொடுத்துவிட்டால்?

"எட்டு, டாக்டரம்மா" என்றேன். "எட்டு பிறந்து ஆறு நாளு. நாந்தான் பொய் சொன்னேன்."

"என்னம்மா சொல்லுத?" என் மகள் எழுந்தே விட்டாள். எட்டு தங்காது என்ற பேச்சையும் என் பயத்தையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பாட்டி, வயித்துக்குள்ள கூடுதலா இருந்த ஒவ்வொரு நாளும் மூளைக்கு லாபம். நீங்க ஒளிச்சு வச்சது கெட்டத இல்ல, நல்லத." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா முந்திப் பிறக்குற பிள்ளைங்கள்ல சில பேருக்குச் சொன்னது மனசுல தங்க நேரமாகும். பெரியவளான பிறகும் கொஞ்சம் இருக்கலாம். புத்தி இல்லன்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, திருப்பிச் சொல்ல வைங்க. சீட்டுல எழுதிக் கொடுங்க."

"எழுதத் தெரிஞ்சவளா இருந்தா நான் ஏன் விரல எண்ணப்போறேன்?" என்றேன். டாக்டரம்மா மறுபடியும் சிரித்துவிட்டார். என் மகளுக்கு மட்டும் வீடு வரும் வரைக்கும் கோபம் ஆறவில்லை. பால்கோவாவைக்கூட எனக்கு நீட்டவில்லை.

மறுநாளே என் கணக்கைப் பேத்திக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரு சாமானுக்கு ஒரு விரல் மடக்கணும். அதைக் கடைக்காரர் கொடுத்ததும் அந்த விரலை விரிக்கணும். அதே மூன்று சாமானுக்கு மூன்று விரலை மடக்கிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். நேரம் ஆக ஆக வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன்.

வந்தாள். பையில் புளியும் சீயக்காயும் இருந்தன. ஒரு விரல் இன்னும் மடங்கியே இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் நுனி வெளுத்துப் போயிருந்தது.

"இதுல ஒண்ணு இருக்கு அம்மாச்சி. என்னன்னுதான் தெரியல."

மறந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அவளை வாரி எடுத்துக்கொண்டேன்.

"சொல்லு அம்மாச்சி, என்னது அது?" என்று விரலை ஆட்டினாள்.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். பயத்தில் எனக்கும் மறந்துபோயிருந்தது. இத்தனைக்கும் நான் பத்து மாதம் நிறைந்து பிறந்தவள்.