கொர்ர் என்று கிடந்த ரேடியோ

இந்தக் காலத்தில் பாட்டுக் கேட்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் போன தடவை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முன்சீட்டில் ஒருத்தன் செல்லில் பாட்டு வைத்தான். பாட்டுக்காரி வாயைத் திறப்பதற்குள் விரலால் தள்ளிவிட்டான். அடுத்து ஒருத்தன் அழுதான், அவனையும் தள்ளினான். அப்புறம் நாய் ஒன்று ஆடியது. எச்சில் இலையைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டே வந்தான். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி காதுக்குள் செருகியிருந்த வெள்ளைக் குமிழைப் பிடுங்கி, அழுக்கோடு அப்படியே மற்றவள் காதில் வைத்தாள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அடுத்தவள் சீப்பை வாங்கினாலே என் மாமியார் வையும். இதைப் பார்த்திருந்தால் பஸ்ஸிலிருந்து குதித்திருக்கும்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ரேடியோ கேட்க அதுகூட வேண்டியதில்லை, திருகைத் திருப்பத் தெரிந்தால் போதும். நான் சொல்வது மத்திய அலை ரேடியோ. எஃப்.எம்.மில் சம்பந்தமில்லாமல் சிரிக்கிறார்களே, அது இல்லை. அதில் ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்தால், யாராவது கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்களோ, போய் விடுவித்துவிட்டு வருவோமா என்று தோன்றும்.

மத்திய அலையில் இப்போது மிச்சமிருப்பது கொர்ர் என்ற சத்தம்தான். வீட்டுக்கு வீடு சார்ஜர், எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர். எல்லாம் சேர்ந்து ரேடியோவின் தொண்டையில் உட்கார்ந்துகொண்டன. இதை எனக்கு எந்த என்ஜினியரும் சொல்லவில்லை. மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று எங்கள் பக்கம் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு மட்டும் என் ரேடியோ பல் விளக்கிய வாயாக இருக்கும். கரண்டு வந்ததும் திரும்பவும் கொர்ர்.

நான் அன்று பஸ் ஏறியது மதினிக்காக. என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. கோயில் பக்கத்துத் தெருவில் இருந்தவரை நேரம் தெரிய அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மகன் ஊருக்கு வெளியே புதுக் காலனியில் வீடு கட்டிக் கூட்டிப் போனான். அங்கே கோயில் மணியும் கேட்காது, மில் சங்கும் கேட்காது. ரேடியோ ஒன்றுதான் அவளுக்குக் கடிகாரம். செய்தி வந்தால் பல் தேய்ப்பாள், விவசாயி நிகழ்ச்சி வந்தால் தலை சீவுவாள், மத்தியானச் செய்திக்குத் தட்டைத் தேடுவாள். யாரிடமும் மணி கேட்க மாட்டாள். ஒருமுறை கேட்டதற்கு மருமகள், "இப்பத்தானே அத்தை கேட்டீங்க" என்றாளாம். அதோடு சரி. கேட்பதை விட்டுவிட்டாள்.

அவள் மகன் எனக்கு போன் போட்டான்.

"அத்தை, அம்மாவுக்கு ஒருமாதிரி ஆயிருச்சு. ரேடியோல ஒண்ணுமே வரல, வெறும் கொர்ருதான். அத மடியில வச்சுக்கிட்டு காலையில இருந்து கேக்கா. எனக்குப் பயமா இருக்கு. ஞாயித்துக்கெழம எடைக்குப் போடப் போறேன். பொறவு ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

"யாரை எடைக்குப் போடப் போற, அதச் சொல்லு மொதல்ல."

"ரேடியோவத்தான் அத்தை."

"நான் வாரேன். அதுவரைக்கும் எதையும் தூக்காத."

போனேன். மதினி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மடியில் ரேடியோ, அதிலிருந்து கொர்ர். முகம் என்னவோ கச்சேரி கேட்கிற முகம். எனக்கே திக்கென்றது.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் முழுக்க பல்பு, மூலைக்கு மூலை சார்ஜர், வாசலில் கேமரா, மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர். இந்தக் கும்பலுக்கு நடுவே எந்த ரேடியோதான் பேசும்? செத்த நேரம் கரண்டை நிறுத்திவிட்டு, "இந்தா கேளுடா, உங்க அம்மாவுக்குக் கிறுக்கு இல்ல, உன் வீட்டுக்குத்தான் கிறுக்கு" என்று காட்டிவிட்டால் முடிந்தது காரியம். மதினியின் ரேடியோ பேட்டரி செல் போட்டு ஓடுவது, நின்றுபோகாது.

மத்தியானச் செய்தி நேரம் பார்த்து, பூனை மாதிரி மாடிப்படிக்குக் கீழே போய் இன்வெர்ட்டரை அணைத்து, மெயினையும் இறக்கினேன்.

வீடு முழுக்கக் கூப்பாடு. "ஐயோ வைஃபை போச்சு" என்று பேத்தி. "இன்வெர்ட்டரும் எடுக்கலயே" என்று மருமகள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கொர்ர் நின்றிருந்தது. ஆனால் செய்தியும் இல்லை. முள்ளை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஓட்டினேன். ஈர விறகு புகைகிற மாதிரி ஒரு ஸ்ஸ், அவ்வளவுதான். மதினி முகம் சுண்டிப்போனது. ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

நேரம் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மெயினைத் தூக்கிவிட்டேன். சாயங்காலம் திரும்பவும் இறக்கினேன். அப்போதும் ஸ்ஸ்தான். இந்தத் தடவை திரும்பினால் மருமகள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"சித்தி! நீங்கதானா? நான் ஈ.பி.க்காரனை போன்ல என்ன பாடு படுத்திட்டேன் தெரியுமா!"

"பாவம், அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

"வெளாடாதீங்க. எதுக்கு இப்பிடிப் பண்ணுதீங்க?"

மகனும் வந்துவிட்டான். நான் என் நியாயத்தைச் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அத்தை, அந்த நேரத்து ஒலிபரப்பையெல்லாம் நிறுத்தி எம்புட்டு நாளாச்சு! இனிமே செல்லுலதான் கேக்கணும். நீங்க மெயினப் புடுங்கினா நெலையமா வந்துரும்?"

எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் நான் அடுப்படியில் கிடப்பதால் இது தெரியாமலே போயிருக்கிறது. தொண்டையில் உட்கார்ந்திருந்ததை விரட்டப் போனவளுக்கு, அந்தத் தொண்டையே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

அப்போதுதான் மதினி பேசினாள்.

"எனக்குத் தெரியாதாலே அது நின்னு போச்சுன்னு? ஏட்டி, நீ மொதல்ல மெயினத் தூக்கு. மத்தியானமும் இப்பவும் என்னையத் தவிக்க விட்டுட்ட."

"என்ன மதினி சொல்லுதீங்க? வெறும் சத்தத்த வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"

"தூக்குட்டி, சொல்லுதேன்."

தூக்கினேன். கொர்ர் வந்தது. மதினி காதைச் சாய்த்தாள்.

"இந்தா, இது நம்ம வீட்டு பிரிட்ஜ். இது அணைஞ்சு அணைஞ்சு எரியும், கணக்குல சேக்காத. காலையில தெருக்கொழாய்ல தண்ணி வந்ததும் எல்லாரும் மோட்டார் போடுவாக, அப்ப உர்ர்னு அடைக்கும். நான் பல்லத் தேச்சிருவேன். எதுத்த வீட்டுக்காரி நைட்டி தைப்பா. அவ மிசின் கிர்ர் கிர்ர்னு விட்டு விட்டு வரும். அது நின்னா அவ சாப்பிடப் போயிட்டா, நானும் தட்ட எடுத்துருவேன். தெருவெளக்கு போட்டா ஙொய்னு ஒண்ணு வரும் பாரு, அப்ப பொழுது அடைஞ்சிருச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, கொர்ருக்கு மேலே கொசு மாதிரி ஒரு ஙொய் ஏறி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவிளக்கு எரிந்தது.

"மெயின இறக்கினா வயரு வழியா வார தெருச் சத்தமும் நின்னு போகுது. கரண்டு இல்லாத அன்னைக்குத்தான் ஏட்டி நான் குருடு. அதத்தான் நீ இன்னைக்கு ரெண்டு வாட்டி செஞ்சே."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. வீடு கொள்ளாமல் மனுசர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு செல். ஒவ்வொரு செல்லிலும் மணி ஓடுகிறது. அவர்களில் ஒருத்தரிடம் மணி கேட்க நா கூசி, மதினி இந்த இரைச்சலைக் குடைந்து குடைந்து நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏலே, இதைத்தான் எடைக்குப் போடப் பாத்தியா?" என்று அவனைக் கேட்டேன். அவன் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன்.

"எம்மா, செத்த இரு" என்று செல்லை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "இப்ப சொன்னீல, அத மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லு. மெதுவா சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லு."

"எதுக்குய்யா?"

"சும்மா சொல்லும்மா."

சொன்னாள். மகன் கேட்கிறானே என்ற சந்தோஷத்தில் மிக்சிச் சத்தம், மாவு மில் சத்தம் எல்லாம் சேர்த்துச் சொன்னாள். மருமகள் ஓடிவந்து அவள் முடியை ஒதுக்கிவிட்டாள். அந்த வீட்டில் அவள் மாமியாரின் தலையைத் தொட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அவன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "அத்தை, அம்மா வீடியோவுக்கு அம்புட்டு லைக் வருது! எல்லாரும் அழுறாக. ரேடியோவ இனிமே யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். அடுத்த வீடியோவுக்கு வேணும்ல."

காட்டினான். மதினி வாய் அசைகிறது, கை ரேடியோவைத் தடவுகிறது. கேட்பதெல்லாம் யாரோ ஒருத்தன் வயலினை இழுக்கிற இழுவை.

"கொர்ரு எங்கடா?"

"அது டிஸ்டர்பன்ஸ் அத்தை. எடுத்துட்டு மியூசிக் போட்டுட்டேன்."

மடியில் கொர்ர் என்கிற ரேடியோவோடு நாற்காலியிலிருந்த மதினி, "எனக்கும் கேக்க வைய்யா" என்றாள். அவன் செல்லைக் கொண்டுபோய் அவள் காதோரம் பிடித்தான். கவனமாகக் கேட்டாள். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

"ம்" என்றாள். "செல்ல அந்தப் பக்கம் கொண்டு போய்யா. தண்ணி வந்துருச்சு போல, இது மறைக்கி."