பதினோராவது கணக்கு பிரியவில்லை

மைசூரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் வேலை போயிருக்கும். காரணம், ஒரே ஓர் எண்.

பத்தாம் வகுப்புக்கு இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்தும் பாடம். வீட்டுப்பாடமாகப் பன்னிரண்டு கணக்குகளை போர்டில் அவசரமாக எழுதிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். பதினோராவதில் x² + 6x + 8 என்று எழுத வேண்டியது, x² + 5x + 8 ஆகிவிட்டது.

மறுநாள் நான் போவதற்குள் சென்டர் நடத்தும் சாருக்கு நான்கு பெற்றோர்கள் போன் செய்திருந்தார்கள்.

“தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். அட்வான்ஸ்டு சம்னு சொல்லுங்க. சென்டர் பேரு கெட்டுச்சுன்னா நான் வேற டீச்சரைத்தான் பாக்கணும்” என்றார்.

வகுப்பு வாசலில் என் மாணவி காயத்ரியின் அம்மா செல்வி நின்றிருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், கார்மென்ட்ஸில் தையல் வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கையில் மகளின் நோட்டு.

“இந்த லெக்கா, பதினோராவது கணக்கு, பிரியலீங்க மேடம். எட்டுக்கு ஒண்ணு எட்டு, ரெண்டு நாலு, அவ்வளவுதானுங்க. கூட்டினா ஒம்பது வருது, ஆறு வருது. அஞ்சு வரமாட்டேங்குது. மைனஸ் போட்டும் பாத்துட்டனுங்க. பத்தாவதோட நின்னவ நானு. எனக்குத்தான் மறந்துபோச்சுங்களா?”

நோட்டில் இரண்டு பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. சார் எனக்குப் பின்னால்தான் நின்றார். ஆனாலும் அட்வான்ஸ்டு சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நீங்க போட்டது சரிதான்க்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன். அது ஆறு.”

செல்வி வராந்தா அதிரச் சிரித்தார். “அப்ப எனக்கு ஒண்ணும் மறக்கலீங்க! ஏய் காயத்ரி, கேட்டியா?”

போர்டில் போட்டுக் காட்டச் சொன்னேன். கூச்சப்பட்டார். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டவும் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். ஜோடிகளை எல்லாம் எழுதி ஒவ்வொன்றாக அடித்தார். ஐந்தை அழித்து ஆறு போட்டு, (x + 2)(x + 4) என்று முடித்தார். காயத்ரி வெட்கத்தில் குனிந்தே இருந்தாள். ஆனால் கைதட்டலில் அவள் சத்தம்தான் பெரிது.

சார் நேராகச் செல்வியிடம் போய், “ஞாயித்துக்கிழமை லீவுதானேம்மா? நோட்டு திருத்த வர்றீங்களா? சம்பளம் உண்டு” என்றார். அந்த வாரமே செல்வி சிவப்புப் பேனாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தப்பு செய்தால் சமாளிக்காதீர்கள். அன்று நான் சமாளித்திருந்தால், சரியாகக் கணக்குப் போட்ட ஒரு பெண், தனக்குக் கணக்கே வராது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.