சாரலில் போன மாடு

நிறைமாச மாட்டைக் கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி கயிற்றை அவிழ்த்துவிட்டேன். காலையில் தொழுவம் காலி.

சாரலோடு மேகமும் தரைக்கு இறங்கியிருந்தது. டீக்கடைக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, ஒங்க மாடு குத்துக்கல்வலசைப் பக்கம் ஊர்வலம் போகுதுல்லா. நீங்க இங்கன தேடுதியளே!"

விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரி போனில் கத்தினாள். "அங்கன நாய் கெடக்கு. கன்னுக்குட்டியக் கடிச்சிட்டா தெரியும் ஒங்க எரக்கம்!"

போனை மடியில் செருகிக்கொண்டு நடந்தேன்.

குத்துக்கல்வலசையில் வயலெல்லாம் இப்போது பிளாட். வெள்ளையடித்த கல் வரிசையாக நட்டிருக்கிறார்கள். மேகத்துக்குள் ஒவ்வொரு கல்லும் படுத்திருக்கிற கன்றாகத் தெரிந்தது. கிட்டப் போய்த் தொட்டால் கல். நாலைந்து தடவை ஏமாந்தேன். அப்புறம் ஒரு கல் காதை ஆட்டியது.

கன்று ஈரமாக இருந்தது. ஒரு காயமும் இல்லை. பின்னால் மாடு நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். மாடும் மேக நிறம்தான்.

கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். கன்று போனால் மாடு தானாக வரும். ரோடு தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. மாட்டின் மூச்சு மட்டும் என் முதுகில் சூடாகப் பட்டுக்கொண்டே வந்தது.