முப்பத்துமூன்று எழுத்தும் ஒரு வெல்டரும்

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், வெறும் முப்பத்துமூன்று எழுத்திடம் தோற்போமா? நீங்களே சொல்லுங்கள். தோற்போம். ஜெராக்ஸ் கடை வேலை என்பது அடுத்தவர் காகிதத்தைப் பார்க்காத மாதிரி பார்க்கிற வேலை. அந்தக் காகிதமே புரியாத எழுத்தில் வந்துவிட்டால் நம் பாடு என்ன ஆகும் என்பது, கடையில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்த அக்கா தங்கைகளுக்குத் தெரியும்.

எங்கள் கடை மந்தாரக்குப்பத்தில். ஆதார், பரீட்சை ஃபாரம், சாதிச் சான்றிதழ் என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பில் திடீரென்று ரஷ்யா வந்து சேர்ந்தது. நிலக்கரி மைன்ஸ் பக்கம் காண்ட்ராக்டில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே வேலைக்குக் கிளம்பினார்கள். அவர்கள் பேரை ரஷ்ய எழுத்தில் அடித்துத் தர வேண்டும், அங்கிருந்து வரும் காகிதத்தையும் படித்துச் சொல்ல வேண்டும். "போன்ல வீடியோ இருக்கு, ஒரு வாரத்துல கத்துக்கோ" என்றார் ஓனர். நான் கம்மாபுரம் பக்கத்து அரசுப் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவள். எனக்கு இங்கிலீஷே மூச்சு வாங்கிக்கொண்டுதான் வரும். கேமராவைக் காட்டினால் போனே படித்துவிடாதா என்பீர்கள். வாட்ஸப்பில் பத்துக் கை மாறி, மங்கிப்போய் வரும் போட்டோவைப் போன் எங்கே படிக்கும்? நாம் எழுத்துக் கூட்டி அடித்தால்தான் அது அர்த்தம் சொல்லும்.

சிரித்து வைத்த பேர்

ரஷ்ய எழுத்தில் பாதி, இங்கிலீஷ் எழுத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். Р என்று இருப்பது ‘ர’. С என்றால் ‘ஸ’. В என்றால் ‘வ’. Н என்றால் ‘ந’. தெரிந்த முகமாச்சே என்று கிட்டே போனால், வேறு ஆள்.

என்னிடம் முதலில் மாட்டியவர் சரவணன் என்ற கிரேன் ஹெல்பர். அவர் பேரை САРАВАНАН என்று பெரிய எழுத்தில் அடித்தேன். ஒரு தப்பு கிடையாது. காகிதத்தை வாங்கியவர் இங்கிலீஷாகவே எழுத்துக் கூட்டினார். "க... பா... பா... ஹா... ஹ்." மறுபடியும் கூட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பேரு சொன்னா எழுதாம, ஹாஹான்னு சிரிச்சி வச்சிருக்கியேம்மா?" என்றார்.

ரஷ்யாக்காரன் வீட்டு ழ

Ж என்று ஓர் எழுத்து. மல்லாந்து விழுந்த வண்டு மாதிரி ஆறு காலையும் விரித்துக்கொண்டிருக்கும். வீடியோவில் அதன் அடியில் இங்கிலீஷில் இசட், ஹெச் என்று போட்டிருந்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தமிழ் என்று இங்கிலீஷில் எழுதும்போது நம் ழவுக்குப் போடுகிற அதே இரண்டெழுத்து! ழ நமக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் பெருமையடித்தோமே, ரஷ்யாக்காரனிடமும் இருக்கிறதே என்று எழிலரசன் என்ற ஃபிட்டர் பேரில் அந்த வண்டைத் தூக்கி வைத்தேன்.

அவருக்கு இன்டர்வியூ எங்கள் கடைக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. வெள்ளைச் சட்டை, புது ஷேவிங். திரையில் வந்த ரஷ்ய அம்மா "எஜிலரஸன்" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று இவர் மரியாதையாகக் காத்திருந்தார். பக்கத்தில் நின்ற நானும்தான். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அது ழ இல்லை, ஜவும் ஷவும் உரசிக்கொள்கிற சத்தம் என்று எனக்குத் தெரிந்தது மறுநாள். அவருக்கு இன்னொரு அழைப்பு வரவேயில்லை. நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "எங்க ஊர்ல எவனும் ழ போட்டுக் கூப்புட்டதில்ல, எயிலுன்னுதான் கூப்புடுவானுங்க. முழுப்பேர ஒருத்தி கூப்புட்டா, அப்பவும் நான் திரும்பல பாரு" என்றார்.

திரும்பி நின்ற ஆர்

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இனியா சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதையெல்லாம் எழுதுவாள். ஆரைத் திருப்பி நிறுத்தினால் ரஷ்யாவில் அது ‘யா’. ‘நான்’ என்று அர்த்தமாம். அதை அவள் இங்கிலீஷ் நோட்டில் பக்கம் முழுக்க எழுதிவிட்டாள். மிஸ் சிவப்புப் பேனாவால் சுழிக்க, இவள் எழுந்து நின்று, "எங்கம்மா ரைட்டுன்னாங்க மிஸ்" என்றிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று மிஸ் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இனியா முந்திக்கொண்டாள். "எங்கப்பா வெல்டரு. இரும்பத் தைப்பாரு!" உண்மையில் அவர் வேலை நின்று அப்போது இரண்டு மாதம். பழைய காண்ட்ராக்டர் போய்ப் புது காண்ட்ராக்டர் வந்தார், கேட் பாஸ் புதுப்பிக்கவில்லை. பாப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று தினம் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போய்விட்டுச் சாயங்காலம் வருவார். மிஸ் சிரித்துக்கொண்டே, "இனிமே அவரையே சொல்லித்தரச் சொல்லுங்க. இரும்பையே நேரா தைக்கிறவரு, ஒரு எழுத்த நேரா நிறுத்த மாட்டாரா?" என்றார்.

ஏஜென்ட் வாயில் நுழையாத சத்தம்

ஆட்களை அனுப்புகிற ஏஜென்ட் செவ்வாய்க்கிழமைதோறும் ஃபைலோடு எங்கள் கடைக்கு வருவார். இங்கிலீஷில் வெளுத்து வாங்குவார். ஆனால் Ы என்ற எழுத்து மட்டும் அவர் வாயில் நுழையாது. ஒரு நாள் ‘இ’ என்பார், ஒரு நாள் ‘உய்’ என்பார். எனக்கோ அது ஒன்றுதான் சுலபமாக வந்தது. ‘காசு’, ‘மாடு’ என்று உதட்டைக் குவிக்காமல் கடைசியில் விடுகிறோமே, நம் குற்றியலுகரம், அதற்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்காக உருப்போட்டது இங்கே வந்து உதவும் என்று யார் கண்டது?

நான் சொன்னதைக் கேட்டு, ஏஜென்ட் போனில் வீடியோ காலில் இருந்த ரஷ்யாக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏஜென்ட் போனை அணைத்துவிட்டு, "வாய் நல்லா வருதும்மா. படிச்சிக்கினே இரு. அர்த்தம் மட்டும் கேக்காத" என்றார்.

வால் ஒன்றுதானே

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் கொடுத்த காகிதத்தில் என் வீட்டுக்காரர் பேர் இருந்தது. எனக்குத் தெரிந்துதான் அவர் மனு போட்டிருந்தார். வெல்டர் வேலை, இரண்டு வருஷம். காகிதத்தின் தலைப்பை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். எழுதுவது ‘கொன்த்ராக்த்’. அழுத்தம் இல்லாத இடத்தில் ஓவை ஆவாக உச்சரிக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆகவே ‘கான்த்ராக்த்’. மந்தாரக்குப்பத்தில் பச்சைக் குழந்தைகூடச் சொல்கிற வார்த்தை! நான் தப்பில்லாமல் படித்த முதல் ரஷ்யச் சொல் அதுதான்.

கீழே, வேலை என்ற இடத்துக்கு வந்தேன். வெல்டருக்கு அவர்கள் பாஷையில் ‘ஸ்வார்ஷிக்’. இருபது பேருக்காவது அடித்துக் கொடுத்திருப்பேன். முதல் எழுத்து ‘ஸ்’, அதாவது С. இதில் முதல் எழுத்து ஒய் மாதிரி இருந்தது. அது ஒய் இல்லை, ‘உ’. எழுத்துக் கூட்டினேன். ‘உபோர்ஷிக்’. போனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன். கூட்டித் துடைக்கிற ஆள் என்றது. கூட்டுவது கேவலமில்லை. எங்கம்மா ஆஸ்பத்திரியில் கூட்டித்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் பாய்லர் குழாய்க்குள் படுத்துக்கொண்டு வெல்டிங் படித்தவர். இரண்டு முழங்கையிலும் பொறி பட்ட தழும்பு.

"சார், வெல்டர்னா ‘ஸ்’ல ஆரம்பிக்கணும். இது ‘உ’ல ஆரம்பிக்குது" என்றேன். ஏஜென்ட் ஃபைலை மூடினார். "ரெண்டுக்கும் வால் ஒண்ணுதானம்மா, ஷிக்கு. அங்க போனா மாத்திக் குடுப்பாங்க. வேணாம்னா சொல்லு, கியூவுல ஆள் நிக்கிது" என்றார்.

படித்துக் காட்டியது

காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "இங்க மட்டும் என்னவாம்? பாஸ்ல வெல்டர்னு எழுதியிருந்துச்சி. கடைசி ஒரு வருஷம் சாம்பல்தான அள்ளிக்கினு இருந்தேன்" என்றார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அவர் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்தைக் கண்டுபிடித்தேனே தவிர, அதை வைத்து ஒன்றையும் மாற்ற முடியவில்லை.

இனியா ஓடி வந்து காகிதத்தின் மேல் குனிந்தாள். "அப்பா பேரு இதுவா? இது என்ன போட்டிருக்கு? ஒய்யா? படிச்சிக் காட்டும்மா" என்று, சரியாக அந்த வார்த்தையின் மேலேயே விரலை வைத்தாள். எல்லா எழுத்தையும் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட எனக்கு முதல் பரீட்சையே பிழையாகப் படிப்பதில்தான் வந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"பாப்பாவுக்கு மட்டும் அத வெல்டர்னே படி."