எங்க போறோம்னு யாருக்கும் தெரியல

தனியா ஊரு சுத்தக் கெளம்புற பொம்பளப் புள்ளைங்களுக்கு நான் சொல்றது கொஞ்சம்தான். சில்லறைய ஒரே எடத்துல வைக்காதீங்க, பாதி முந்தானையில, பாதி ரவிக்கையில. பஸ்ல டிரைவருக்குப் பின்னாடி உக்காருங்க. வழி தெரியலன்னா பலகாரம் விக்கிற பொம்பளகிட்ட கேளுங்க. ஆம்பளகிட்ட கேட்டா தெரியாட்டியும் ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டிடுவான். கக்கூஸ் கண்ணுல பட்டா, வருதோ வரலியோ, போயிட்டு வந்துடுங்க. இதெல்லாம் செஞ்சும் நானு ஒரு நாள் சாகப் பாத்தேன். அதான் மிச்சத்தையும் சொல்லிடலாம்னு.

அம்பதுகளோட கடைசியில நாங்க சிங்கப்பூர்ல செராங்கூன் ரோட்டுப் பக்கம், ஒரு மசாலாக் கடைக்கு மேல மாடி ரூம்புல குடியிருந்தோம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் லாத்தா இருந்தாங்க, அவங்க வழக்கத்துல அக்கான்னு அர்த்தம். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அவங்க வீட்டுக்காரரு தேக்கா பசார்ல துணி வியாபாரம். என் வீட்டுக்காரரு துறைமுகத்துல மூட்டை எறக்குறவரு. ரெண்டு பேரும் காலையில போனா பொழுது சாயத்தான் வருவாங்க. நாங்க சோறாக்கி மூடி வச்சுட்டு பஸ் ஏறிடுவோம். எந்த பஸ், என்ன நம்பரு, ஒண்ணும் பாக்கறதில்ல. கடைசி ஸ்டாப்புல எறங்கி என்ன இருக்குன்னு பாத்துட்டுத் திரும்பி வருவோம். சாங்கி பாத்தாச்சு, உட்லண்ட்ஸ் பாத்தாச்சு. யாரும் எங்களத் தேடினதில்ல, கேட்டதும் இல்ல.

கேக்கவும் மாட்டாங்க. கெளம்பி நிக்கிற ஆளப் பாத்து "எங்க போறே?"ன்னு கேட்டா போற காரியம் வெளங்காதுன்னு நம்ம சனத்துக்கு ஒரு பயம். எங்க மாடியில அது சட்டம் மாதிரி. நான் படி எறங்கினா எதிர்ல வர்றவங்க வாயை மூடிக்கிட்டு ஒதுங்கி நிப்பாங்க. எனக்கு அது ரொம்ப வசதி. மலாய்க்காரங்கதான் வேற மாதிரி. பாத்ததும் சிரிச்சிக்கிட்டு "பெர்கி மானா?"ன்னு கேப்பாங்க. எங்க போறேன்னுதான் அர்த்தம், அவங்களுக்கு அது நம்ம "சாப்டியா" மாதிரி. எனக்கோ அது அபசகுனம். "ஜாலான் ஜாலான்", சும்மா நடக்கறேன்னு சொல்லிட்டு வேகமா போயிடுவேன்.

அன்னிக்கு பஸ் எங்கள பாசிர் பாஞ்சாங் கடக்கரையில விட்டுச்சு. இப்ப அங்க கப்பல் பெட்டிய மலை மாதிரி அடுக்கி வச்சிருக்காங்க. அப்ப தென்னமரம், கட்டைக்கால் மேல வீடு, சேத்துல சம்பான் படகு. கடல் நல்லா வத்திக் கெடந்துச்சு. தூரத்துல தண்ணி நடுவுல மஞ்சளா ஒரு திட்டு தெரிஞ்சுது.

"அங்க என்ன புள்ள இருக்கு?"ன்னாங்க லாத்தா.

"போனாத்தான தெரியும்?"

வயசான மலாய்க்காரரு ஒருத்தரு சம்பான்ல தண்ணிய எறச்சுக்கிட்டு இருந்தாரு. லாத்தா அவர பாக்சிக்னு, மாமான்னு கூப்பிட்டு, பசார் மலாய்ல பேசி முடிச்சாங்க. போயிட்டு வந்தப்புறம் காசு. எந்த ஊரு, என்ன பேருன்னு அவரும் கேக்கல, நாங்களும் சொல்லல.

திட்டு அழகாத்தான் இருந்துச்சு. அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். நட்சத்திர மீனு ஒவ்வொண்ணும் தோசைக்கல்லு அகலம். பாசிக்குள்ள சின்னச் சின்ன நண்டு. வேற ஒரு ஈ காக்கா இல்ல. எங்கள எறக்கி விட்டுட்டு அவரு துடுப்பை எடுத்தாரு. மீன் பொறி எங்கியோ போட்டிருக்காராம், அத பாத்துட்டு வந்துடுவாராம்.

லாத்தா வாயத் தொறந்தாங்க. "பாக்சிக், எந்தப் பக்கம்..."

நான் அவங்க கையை நறுக்குன்னு கிள்ளினேன். "கடல்ல எறங்கற மனுசன எங்க போறன்னு கேக்கறீங்களே! வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க லாத்தா."

"ஆமால்ல, அல்லா காப்பாத்தணும்"னு அவங்களும் மூடிக்கிட்டாங்க. அவரு போயிட்டாரு. படகு ஒரு புளியங்கொட்டை அளவு ஆகறவரைக்கும் கூட நாங்க பாக்கல. நட்சத்திர மீனப் பாத்துக்கிட்டு இருந்தோம்.

மொதல்ல காத்து நின்னுச்சு. அப்புறம் மேக்கால, சுமத்ரா பக்கம், வானம் அண்டாவோட அடிப்பக்கம் மாதிரி கறுத்துச்சு. கறுப்புக்குக் கீழ ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு எங்களப் பாத்து வருதுன்னு எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு.

"லாத்தா, மழை."

"குடை இருக்குல்ல?"

குடையாம் குடை! அந்தக் காத்து வந்து அறைஞ்சதுல குடை பூ மாதிரி மேல விரிஞ்சு, கம்பி தனி, துணி தனி. ரெண்டு பேரும் குனிஞ்சு ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புடிச்சிக்கிட்டோம். மழைத்துளி ஒவ்வொண்ணும் முதுகுல கல்லால எறிஞ்ச மாதிரி விழுந்துச்சு. கரையும் தெரியல, கடலும் தெரியல. மழை விட்டப்புறம் நிமிந்து பாத்தா திட்டு பாதியாப் போச்சு. கடல் ஏற ஆரம்பிச்சிருச்சு.

"வந்துடுவாரு"ன்னேன்.

"காசு கூட வாங்கலியே, விட்டுட்டுப் போவாரா?"ன்னாங்க லாத்தா.

சொன்னதும்தான் ரெண்டு பேருக்கும் ஒறைச்சுது. அதுதான் பயம். ஏமாத்துக்காரனா இருந்தா காச முன்னாடியே வாங்கியிருப்பான். இவரு வரலன்னா வர முடியல. அந்தக் காத்துல அந்தச் சின்ன சம்பான் என்ன ஆகியிருக்கும்? சரி, எந்தப் பக்கம்னு பாக்கலாம்னா, எந்தப் பக்கம் போனாருன்னே எங்களுக்குத் தெரியாது.

தண்ணி கணுக்காலுக்கு வந்துச்சு. திட்டோட நெத்தி மட்டும்தான் மிச்சம், அதுல நின்னோம். நட்சத்திர மீனெல்லாம் காணோம். எனக்கு நீச்சல் தெரியாது, லாத்தாவுக்குக் குளத்துல முங்கத் தெரியும்.

"நம்மளத் தேட மாட்டாங்களா புள்ள?"

"யாரு? உங்க வீட்டுக்காரரு தேக்காவுல தேடுவாரு. எங்க ஆளு பேரர் பார்க் திடல்ல தேடுவாரு."

"கடல்ல தேட மாட்டாங்களா?"

"கடலுக்குப் போனோம்னு யாருகிட்ட சொன்னோம்?"

லாத்தா ஓதிக்கிட்டே இருந்தாங்க. நான் எனக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் கூப்பிட்டேன், பாதிக்கு மேல பேரு மறந்து போச்சு. தண்ணி முழங்காலுக்கு வந்தப்ப அலை ஒவ்வொண்ணும் புடவைய இழுத்துச்சு. புடவை நனைஞ்சா என்ன கனம் தெரியுமா? யாரோ கீழ உக்காந்து இழுக்கற மாதிரியே இருந்துச்சு. அவுத்து விட்டா உசுரு தப்பும், ஆனா கண்டெடுக்கறவன் என்ன நெனப்பான்னு அப்பவும் ஒரு ரோசனை. சாகப்போற நேரத்துல பொம்பள புத்தி பாருங்க.

அப்பத்தான் ஒரு கப்பல் பாய் தெரிஞ்சுது. காவி கலரு, ஒட்டுப் போட்ட பெரிய பாய். கரி ஏத்திக்கிட்டு வர்ற சீனத் தொங்கான், சரக்குப் படகு ஒண்ணு, தீவுகள்லேருந்து காலாங் பக்கம் போறது. லாத்தா மேல போத்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவினாங்க. வெளி ஆம்பளைக்கு முன்னாடி அதை எடுக்காதவங்க. குடைக் கம்பியில கட்டித் தலைக்கு மேல சுத்தினாங்க. நான் கத்தினேன். என்ன பாசைன்னு தெரியல, தொண்டை கிழியக் கத்தினேன். தொங்கான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. முதுகைக் காட்டிப் போனதுக்கு அப்புறம்தான் பின்னால ஒருத்தன் எழுந்து நின்னு எங்களப் பாத்தான். சின்னப் படகை எறக்கினான்.

அவன் வந்து சேந்தப்ப எனக்கு இடுப்பு வரைக்கும் தண்ணி. மூட்டை தூக்கற மாதிரி ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டான். தொங்கான்ல கரிக்கு மேலதான் எடம். பல்லு அடிச்சிக்கிட்டே திரும்பிப் பாத்தேன். திட்டு இருந்த எடம் தெரியல. எங்கியும் ஒரே மாதிரி சாம்பல் தண்ணி. சம்பானையும் காணோம்.

லாத்தா அந்தச் சீனன்கிட்ட மலாய்ல கெஞ்சினாங்க. "இன்னொரு ஆளு இருக்காரு, கெழவரு."

"எந்தப் பக்கம்?"ன்னான்.

லாத்தா என்னப் பாத்தாங்க. நான் கரியப் பாத்தேன்.

காலாங்ல எறங்கி நடந்தே வீடு வந்தோம். என் வீட்டுக்காரரு கடைக்கு முன்னாடி அஞ்சடி நடைபாதையில நின்னு பீடி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. என்ன மேலயும் கீழயும் பாத்தாரு.

"என்னடி, அடுப்புக்குள்ள போயிட்டு வந்தியா?"

"கரி வாங்கப் போனேன்."

"கரி எங்க?"

"புடவையில இருக்கு, தட்டி எடுத்துக்குங்க."

சிரிச்சிட்டு விட்டுட்டாரு. அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. லாத்தா காய்ச்சல்ல படுத்துட்டாங்க. காலையில பலகைக்கு அந்தப் பக்கத்துலேருந்து ரெண்டு தட்டுத் தட்டுவாங்க. "வந்து சேந்திருப்பாருல்ல?" நானும் "வந்திருப்பாரு, படுங்க"ன்னு சொல்லுவேன். குழாயில தண்ணி புடிச்சா அந்த மனுசன் துடுப்பு போடற சத்தம். போய்ப் பாத்துடலாம்னா, போனா தெரிஞ்சுடுமேன்னு பயம். போகாட்டியும் தூக்கம் இல்ல. எங்களுக்காகத்தான் அவரு அன்னிக்குக் கடல்ல எறங்கினாரு.

லாத்தாவுக்கு எழுந்து நிக்க முடிஞ்ச அன்னிக்குக் கெளம்பினோம். படியில எறங்கறப்ப நானே வாயத் தொறந்தேன். "பாசிர் பாஞ்சாங் போறோம். கடல்ல எறங்க மாட்டோம். சாயங்காலம் வரலன்னா அங்க வந்து தேடுங்க."

என் வீட்டுக்காரருக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "கெளம்பற நேரத்துல ஊரு பேரச் சொல்றாளே! தேடுங்கன்னு வேற சொல்றா! உள்ள வாடி, தண்ணி குடிச்சிட்டுப் போ!" குடிக்க வச்சுத்தான் விட்டாரு. லாத்தா வீட்டுக்காரரு காதையே பொத்திக்கிட்டாரு.

கரையில அந்த சம்பான் இல்ல. அது கெடந்த சேத்துல குழி மட்டும் இருந்துச்சு, அதுல தண்ணி நின்னுச்சு. லாத்தா என் கையைப் புடிச்சாங்க. வாழையிலையில குவே பலகாரம் வச்சு வித்துக்கிட்டிருந்த அம்மாகிட்ட கேட்டோம், இங்க ஒரு கெழவரு படகு வச்சிருந்தாரேன்னு.

அந்தம்மா எங்களையே பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு, லாத்தாவோட துப்பட்டியைப் பாத்துச்சு. கையில இருந்த இலை கீழ விழுந்துச்சு.

"நீங்க ரெண்டு பேருமா?"

அப்புறம்தான் சொன்னுச்சு. காத்து அவரு படகைக் கவுத்துடுச்சாம். கவுந்த படகைப் புடிச்சிக்கிட்டே அந்தப் பக்கத்துத் தீவு வரைக்கும் மெதந்து போயிருக்காரு. மீன் புடிக்கறவங்க கொண்டாந்து விட்டிருக்காங்க. வந்ததுலேருந்து பாயில கெடக்காராம், ஒரு வாய் திங்கறதில்ல. ரெண்டு பொம்பளைங்கள திட்டுல விட்டுக் கொன்னுட்டேன்னு ஒரே அழுகை. அவரு மவன் திட்டுக்குப் போய்ப் பாத்திருக்கான், எங்க செருப்பு ஒண்ணுதான் கெடைச்சிருக்கு. வீட்டுக்காரங்களுக்குச் சொல்லலாம்னா பேரு தெரியாது, ஊரு தெரியாது. சிங்கப்பூர் பூரா எத்தன இந்தியப் பொம்பளைங்க, எந்த வீட்டுக் கதவத் தட்டறது?

கட்டைக்கால் வீட்டுக்கு அந்தம்மாவே கூட்டிட்டுப் போச்சு. உள்ள இருட்டா இருந்துச்சு. அவரு செவுத்தப் பாத்துப் படுத்திருந்தாரு, எலும்பும் தோலுமா. அவரு பொண்டாட்டி பக்கத்துல கஞ்சிக் கிண்ணத்தோட உக்காந்திருந்துச்சு. லாத்தா வாசல்ல நின்னு சலாம் சொன்னாங்க.

அவரு திரும்பினாரு. பாத்தாரு. தொண்டையிலேருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அத மாதிரி நான் அதுக்கப்புறம் கேட்டதில்ல. கைலியை இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாரு. "ஹந்து! ஹந்து!"ன்னு அலறினாரு. பேய்னு சொல்றாருன்னு எனக்குத் தெரியும்.

"பேய் இல்ல பாக்சிக், நாங்கதான். பொழச்சுட்டோம்லா"ன்னாங்க லாத்தா. அவரு கேக்கல. மூடின துணிக்குள்ளேருந்து மன்னிச்சுடுங்க, மன்னிச்சுடுங்கன்னு நடுங்கினாரு. நான் புடவையக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். எங்க ஊருப் பேய்க்குக் கால் தரையில பாவாது, அவங்க ஊருப் பேய்க்கு என்ன கணக்கோ.

அவரு பொண்டாட்டிகிட்ட துணிக்குள்ளேருந்தே என்னவோ சொன்னாரு. அந்தம்மா கிண்ணத்த வச்சுட்டு எழுந்து வந்து, என் கையப் புடிச்சு, தோளுக்குக் கீழ சதையா இருக்குமே, அந்த எடத்துல ஒரு கிள்ளு கிள்ளுச்சு பாருங்க!

"அடி சண்டாளி!"ன்னு கத்திட்டேன்.

கைலி மெதுவா கீழ எறங்குச்சு. ரெண்டு கண்ணு. என் கைய நான் தேய்ச்சிக்கிட்டு நிக்கறதப் பாத்தாரு. கிள்ளின எடம் செவந்து தடிக்கறதப் பாத்தாரு. அப்புறம் மொழங்கைய ஊணி எழுந்து உக்காந்து, கைய நீட்டி, பொண்டாட்டி கீழ வச்சிருந்த கஞ்சிக் கிண்ணத்த எடுத்தாரு.